சுவரும் முகமும்

அகலக்கோணத்தில் எடுக்கப்பட்ட காட்சி ஒன்று திரையில் விரியும்போது என் கண் அதன் நடுவில் தங்குவதில்லை. நடுவில் நிற்பவர்தாம் முக்கியமானவர் என்பதும், அவர் வாய் திறந்தால்தான் கதை நகரும் என்பதும் தெரிந்திருந்தும், பார்வை தானாகவே ஓரத்துக்கு நழுவி, அங்கே ஒரு தூணையோ கதவு நிலையையோ ஒட்டி, வசனம் ஏதுமின்றிக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்தப்பட்டிருக்கும் யாரோ ஒருவருடைய முகத்தில் போய் நின்றுவிடுகிறது. அந்த முகம் சரியாக இருப்பதில்லை. கன்னம் சட்டத்தின் விளிம்பை நோக்கி இழுபட்டிருக்கும். ஒரு தோள் மற்றதைவிட அகன்றிருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே பிரம்மா வைத்ததைவிட அதிகமான தூரம் இருக்கும். அவரை ஒட்டிய தூணோ துளியும் பிசகாமல், நூல் பிடித்து நிறுத்திய லக்ஷணத்தோடு நிற்கும். தூணுக்குக் கிடைத்த நியாயம் அதன் அருகில் நின்ற மனிதருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு குறுகுறுப்பு எனக்கு நெடுநாளாக உண்டு. இது கலையைப் பற்றிய சங்கடமா, யந்திரத்தைப் பற்றியதா, அல்லது வயதான கண்ணின் வீண் பிடிவாதமா என்று என்னால் தீர்மானிக்க முடிந்ததில்லை. ஆயினும் தொழில்முறைச் சினிமாவுக்கென்று செய்யப்படும் அகலக்கோண ஜூம் லென்ஸ்களின் பெருமையை யாராவது பேசத் தொடங்கினால், என் மனம் அந்த ஓரத்து மனிதரிடமே போய் நின்றுவிடுகிறது.

குற்றம் லென்ஸினுடையது என்றுதான் முதலில் தோன்றும். மட்டமான கண்ணாடி, அரைகுறை வேலை என்று சொல்லிவிட்டால் விஷயம் அத்தோடு தீர்ந்துபோகும். ஆனால் லென்ஸ் எவ்வளவுக்கெவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கவ்வளவு இந்த இழுபாடு கணக்குப் பிசகாமல் நிகழ்கிறது என்பதுதான் விசித்திரம். நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காட்டவேண்டும் என்று ஒரு லென்ஸுக்கு விதித்துவிட்டால், ஓரத்தில் இருக்கும் உருண்டை நீள்வட்டமாகத்தான் விழும். இது கண்ணாடியின் குறையன்று, க்ஷேத்திர கணிதத்தின் நியதி. சூப்பர் 35 என்று வழங்கும் சட்டத்தின் அகலம் ஏறக்குறைய 24.9 மில்லிமீட்டர். அதன்முன் ஆஞ்சனியூ நிறுவனத்தாரின் 15-40 மில்லிமீட்டர் குவியதூர ஆப்டிமோ ஜூமை மாட்டி, வளையத்தை 15-இல் நிறுத்தினால், பக்கவாட்டில் சுமார் 79 பாகை விரிந்த உலகம் உள்ளே வந்துவிடுகிறது. அந்த விரிவின் கடைக்கோடியில் நிற்பவருடைய தலைக்கு உயரத்தைவிட அகலம் மிஞ்சி, இரண்டுக்கும் உள்ள விகிதம் சுமார் 30 சதவிகிதம் கெட்டுப்போகிறது. அதே ஜூமை 40-க்குத் திருப்பிவிட்டாலோ, விரிவு 35 பாகையாகச் சுருங்கி, ஓரத்து இழுபாடு 5 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும். அதைக் கண் பொருட்படுத்தாது. கோடுகளைச் சற்று வளையவிட்டு முகங்களின் உருண்டையைக் காப்பாற்றுகிற வழியும் இல்லாமற் போகவில்லை. மீன்கண் லென்ஸ்கள் அந்தத் திசையில் வெகுதூரம் போனவை. ஆனால் இரண்டையும் ஒருசேரப் பெறுவதற்குக் கணிதம் இடங்கொடுப்பதில்லை. சுவர் நேராக இருக்கவேண்டுமா, முகம் உருண்டையாக இருக்கவேண்டுமா என்ற கேள்விக்கு லென்ஸ் செய்கிறவர்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சினிமாவின் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் சுவரின் பக்கம் நின்றார்கள்.

ஏன் அப்படி நின்றார்கள் என்பது, படப்பிடிப்புக்கு முன் வாடகைக் கடையில் லென்ஸைச் சோதிக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓரளவு விளங்கும். ஜன்னல்களை அடைத்த நீள அறை. ஒரு கோடியில் முக்காலிமேல் கேமரா, மறுகோடிச் சுவரில் அட்டை. உதவி ஒளிப்பதிவாளர் துவாரத்தை முழுவதும் திறந்துவைத்துக்கொண்டு, ஜூமை அதன் நீண்ட முனைக்குக் கொண்டுபோய், கதிர்கதிராகக் கருப்பும் வெளுப்பும் பிரிந்தோடும் நட்சத்திர வடிவத்தின்மேல் ஃபோகஸை நிறுத்துகிறார். பிறகு மூச்சுவிடாமல் வளையத்தை அகன்ற முனைக்குத் திருப்புகிறார். நட்சத்திரத்தின் நடு இதயம் சாம்பல் பூத்துப்போனால் பின்குவியம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். நல்ல சினிமா ஜூம் என்பது முனைக்கு முனை திருப்பினாலும் ஃபோகஸ் நகராமல் இருக்கவேண்டியது. அந்தப் பத்தினித்தனத்தை இழந்துவிட்டால், நீண்ட முனையில் தவறு மறைந்து நிற்கும், அகன்ற முனையில் அம்பலமாகும். அப்போது திருகாணிகளைக் கழற்றி, லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையத்தின் அடியில் மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கனமுள்ள ஷிம் தகடு ஒன்றைச் செருகியோ எடுத்தோ மீண்டும் பூட்டுகிறார்கள். காகிதத்தைவிட மெல்லிய அந்தத் தகட்டை இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தில் காட்டியபோது, இவ்வளவு அற்பமான ஒன்றின்மேலா அத்தனை பெரிய சேனையும் தளவாடமும் நிற்கின்றன என்று தோன்றியது. அதற்கடுத்துக் கட்டங்கள் போட்ட அட்டை வருகிறது. மானிட்டரின் விளிம்பில் கோடுகள் வெளிப்புறம் பிதுங்குகின்றனவா, உட்புறம் குழிகின்றனவா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார்கள். கோடு நேராக நின்றால் லென்ஸ் தேறிவிட்டது. அந்த அட்டையில் முகம் கிடையாது. தோலின் நிறம் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காகச் சில சமயம் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுண்டு. அவரையும் நடுவில்தான் உட்காரவைப்பார்கள்.

ஓவியர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. வாடிகன் அரண்மனையின் சுவரில் 1509-க்கும் 1511-க்கும் இடையே ராஃபேல் தீட்டிய ‘ஏதென்ஸின் பள்ளி’ என்ற சித்திரத்தில், மேலே வளைவுக்குப் பின் வளைவாக உள்வாங்கிச் செல்லும் மண்டபம் முழுவதும் தூரநோக்குச் சாஸ்திரத்தின் கட்டளைக்குக் கட்டுப்பட்டே வரையப்பட்டிருக்கிறது. ஆனால் வலது ஓரத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு கோளத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள்; ஒன்று பூகோளம், மற்றது நட்சத்திர மண்டலம். சாஸ்திரப்படி பார்த்தால் அவ்வளவு ஓரத்தில் இருக்கும் கோளங்கள் நீள்வட்டமாக அல்லவா இருந்திருக்கவேண்டும்? ராஃபேல் அவற்றை அப்பழுக்கில்லாத வட்டங்களாகவே வரைந்துவிட்டார். ஏந்தி நிற்கும் மனிதர்களுடைய தலைகளையும் இழுக்கவில்லை. கட்டடத்துக்கு ஒரு சட்டம், மனிதருக்கும் அவர் கையிலுள்ள பொருளுக்கும் வேறொரு சட்டம் என்று ஒரே சுவரில் இரண்டு சட்டங்களை அவர் நடத்திக்காட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட ஓரவஞ்சனை எனக்குப் பிடித்திருக்கிறது. கை அறிந்து செய்யும் சலுகை அது. கண்ணாடிக்கு அந்தச் சலுகை தெரியாது, அதற்கு எல்லோரும் ஒன்றே. எல்லோரையும் ஒன்றாகவே நடத்துகிற சட்டம் ஓரத்தில் நிற்பவரை மட்டும் எப்படிச் சிதைக்கிறது என்பதை நினைத்துக்கொண்டிருந்தால் சிந்தனை சினிமாவை விட்டு வேறெங்கோ போய்விடும்; போகாமல் நிறுத்திக்கொள்கிறேன்.

அகன்ற கோணம் ஜூமுக்குள் வந்து சேர்ந்த வழியும் நேரானதன்று. ஃபிலிமுக்கு முன்னால் சுழலும் கண்ணாடி ஷட்டரை வைத்து, லென்ஸ் காண்பதையே ஒளிப்பதிவாளரும் காணும்படி 1937-இல் அரிஃப்ளெக்ஸ் கேமரா வந்ததிலிருந்து, லென்ஸின் கடைசிக் கண்ணாடி ஃபிலிமைவிட்டு விலகி நிற்கவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. இன்று பரவலாக வழங்கும் பி.எல். பொருத்தில் லென்ஸின் பீடத்துக்கும் பிம்பம் விழும் தளத்துக்கும் இடையே 52 மில்லிமீட்டர் இருக்கிறது. 15 மில்லிமீட்டர் குவியதூரமுள்ள ஒரு லென்ஸ் சாதாரண முறையில் செய்யப்பட்டால் அது கண்ணாடி ஷட்டர் சுழலும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ள விரும்பும். அதை வெளியே தள்ளி நிறுத்துவதற்கு, ஒளியை முதலில் விரியவிட்டுப் பிறகு குவிக்கும் தலைகீழ் அமைப்பு வேண்டியிருந்தது. பிரான்ஸ் தேசத்தில் சாந்-எத்தியேன் நகருக்குப் பக்கத்திலுள்ள சிற்றூரில் பிறந்த பியேர் ஆஞ்சனியூ, 1950-இல் புகைப்படக் கேமராக்களுக்காக ‘ரெட்ரோஃபோகஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட லென்ஸ் அந்த வழியைத்தான் பிரபலப்படுத்தியது. அதே ஆஞ்சனியூதான் 1960-களில் பத்து மடங்கு ஜூமைச் செய்து, அமெரிக்க அகாதெமியாரின் தொழில்நுட்ப விருதையும் பெற்றார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தூரத்தில் இருப்பதை இழுத்துக்கொள்ளும் ஆசையும் அருகில் இருப்பதையெல்லாம் வாரிக்கொள்ளும் ஆசையும் ஒரே மனிதரின் பட்டறையில் வளர்ந்திருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றுசேர வெகுகாலம் பிடித்தது. அவருடைய 35 மில்லிமீட்டர் படத்துக்கான பெரிய ஜூம் 25-இல் தொடங்கி 250 வரை போயிற்று, 1971-இல் குக் நிறுவனத்தாரின் வாரோடால் 20-இல் தொடங்கியது, பிறகு 18, பிறகு 15. நீண்ட முனையில் 10 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. அகன்ற முனையில் 25-லிருந்து 15-க்கு வருவதற்குள் 53 பாகையாக இருந்த உலகம் 79 பாகையாகிவிடுகிறது. அந்தப் பத்து மில்லிமீட்டருக்காக முன்கண்ணாடி பெருத்து, உள்ளே கண்ணாடித் தொகுதிகள் ஒன்றையொன்று விலகியும் நெருங்கியும் ஓடுகிற பள்ளங்களை நுணுக்கமாகக் கடைந்து, எத்தனையோ தலைமுறைத் தொழிலாளிகளின் கண் தேய்ந்திருக்கவேண்டும்.

சேர்ந்த பிறகும் ஜூமும் அகலக்கோணமும் முழுமனத்தோடு சேரவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஜூம் என்பது, அருகில் போகவேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்காகப் பிறந்த யந்திரம். எழுபதுகளில் நம்முடைய தமிழ்ப் படங்களில் கதாநாயகியின் கண்ணீரை நோக்கி, பின்னணி வாத்தியங்கள் அலற, எங்கிருந்தோ பாய்ந்து வந்த ஜூம்களை அனுபவித்தவர்களுக்கு அந்தச் சோம்பேறித்தனத்தைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. அகலக்கோணமோ, அருகில் போனாலொழிய உயிர் பெறாதது. பத்தடி தள்ளி நின்றால் எல்லாவற்றையும் சிறுசிறு பொம்மைகளாக்கிவிடும். கேமரா நடந்து முன்னேறும்போது பொருள்களுக்கு இடையே உள்ள உறவுகள் மாறுகின்றன; மேஜை முன்னே வந்து சுவர் பின்னே போகிறது. ஜூம் நகரும்போது எதுவும் எதற்கும் அருகில் வருவதில்லை. இருந்த சித்திரமே பெரிதாகிறது அல்லது சிறிதாகிறது. ஆகவே அகலக்கோண ஜூமை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதை ஜூமாக உபயோகிப்பதே இல்லை. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையில் பல லென்ஸ்களின் காரியத்தை ஒன்றே செய்துவிடுவதால், தோளிலோ ஸ்டெடிகாமிலோ கேமராவைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு லென்ஸ் மாற்றி மறுபடி சமனிலை பார்க்கும் நேரம் மிச்சம். 18 போதவில்லையா, 21 பார், அதுவும் கூடாதா, 24 பார் என்று இரண்டு ஷாட்டுகளுக்கு இடையே வளையத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தயாரிப்பு நிர்வாகிக்கு இதில் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. எனக்குத்தான் ஒரு சந்தேகம். எங்கே நிற்பது என்பதைக் கால் தீர்மானித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தீர்மானத்துக்காக ஒளிப்பதிவாளர் மனிதர்களுக்கு இடையே நடந்து, அவர்களுடைய வியர்வையை முகர்ந்து, இடம் கேட்டு, இடம் பெற்றார். விரலால் தீர்மானிக்கிறவருக்கு அந்த யாத்திரை தேவைப்படுவதில்லை. இது பழைய கஷ்டங்களைப் புனிதமாக்குகிற வயோதிகப் புலம்பலாகவும் இருக்கலாம். அப்படி இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

அகன்ற முனைக்கு ஒளிப்பதிவாளர்கள் ஓடுவதற்கு இன்னொரு காரணம் இடநெருக்கடி. ஸ்டூடியோவில் போட்ட செட்டானால் நான்காவது சுவரைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் போகலாம். நிஜமான ஒண்டுக்குடித்தன வீட்டில் சுவரைக் கழற்ற முடியாது. பத்துக்குப் பத்து அறையின் மூலையில் முதுகு சுவரில் உராய ஒளிப்பதிவாளர் ஒடுங்கி நிற்க, அடுப்பு, கட்டில், தொங்கும் துணிக்கொடி, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவி எல்லாவற்றையும் 15 மில்லிமீட்டர் வாரி எடுத்துக்கொள்கிறது. பிறகு திரையில் பார்த்தால் அந்த அறை கூடம்போல விரிந்திருக்கிறது. கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையே நான்கு பேர் படுத்துறங்கலாம். ஏழையின் வீட்டுக்குள் நேர்மையாகப் போய் எடுத்த படம், வீட்டு மனை விற்பவர்களின் விளம்பரத்தில் வரும் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறது. அந்த அறையில் வாழ்கிறவர்களுக்கு மூச்சு முட்டுகிறது என்பதைச் சொல்ல நீண்ட லென்ஸ்தான் ஏற்றது. அதற்கோ அறையில் இடமில்லை. வாசற்படிக் கிழவி ஓரத்தில் இருப்பதால் அவள் முகத்துக்கு என்ன ஆகும் என்பதையும் மேலே சொல்லியாயிற்று.

நல்ல கைகளில் இந்த முரண்பாடே அர்த்தமாவதையும் நான் மறுக்கமாட்டேன். சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) படத்தின் தொடக்கத்தில், பகல் முழுவதும் செய்வதற்கொன்றும் இல்லாத சாரு, கைப்பிடி வைத்த சிறு தூரதரிசினியால் ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியே தெருவில் போவோரைப் பார்த்துக்கொண்டு திரிகிறாள். கணவன் பூபதி புத்தகத்தில் கண்ணைப் பதித்தவாறு அவளைக் கவனியாமலே கடந்துபோகிறான். அவனையும் அவள் அந்தக் கண்ணாடி வழியாகவே, அந்நியனைப் பார்ப்பதுபோல, பார்க்கிறாள். பிறகு கை தாழ்கிறது. அந்த க்ஷணத்தில் சுப்ரத மித்ராவின் கேமரா ஜூம் வழியாகச் சடக்கென்று பின்வாங்குகிறது. யாரும் நகரவில்லை, கேமராவும் ஓரடி நடக்கவில்லை. ஆனால் அவளைச் சுற்றி வீடு வந்து சூழ்ந்துவிடுகிறது. நடந்து பின்வாங்கியிருந்தால் அது ஒரு மனிதர் விலகிப்போன செய்கையாக இருந்திருக்கும். ஜூம் ஆனபடியால் விலகியவர் என்று யாருமில்லை, தூரம் மட்டும் கூடிவிட்டது. அந்த வீட்டில் நடப்பதும் அதுதானே. குப்ரிக்கின் ‘பாரி லிண்டன்’ (1975) வேறொரு விதம். ஜான் ஆல்காட் கையாண்ட, 24-லிருந்து 480 வரை போகும் இருபது மடங்கு ஜூம், துவந்த யுத்தத்துக்குத் துப்பாக்கிகளைக் கெட்டிக்கும் கைகளில் தொடங்கி, நிதானமாக, ஒரே சீராக விரிந்து விரிந்து, ஆற்றங்கரையில் எறும்புகளாக நிற்கும் மனிதர்களில் வந்து முடிகிறது. மனிதனுடைய கோபதாபங்களைப் பற்றி வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லாமலே சொல்லப்பட்ட அபிப்பிராயம் அது. ஆயினும் அதன் அகன்ற முனை 24-இலேயே நின்றுவிட்டதை நான் நன்றியோடு நினைக்கிறேன். 15 வரை விரிந்திருந்தால் ஓரத்துச் சாட்சிகள் இழுபட்டுப்போய், அந்தக் காட்சியின் கம்பீரம் கேலியாக முடிந்திருக்கும்.

ஒரு ஷாட்டுக்குள்ளேயே 15-க்கும் 40-க்கும் இடையே ஜூம் நகர்ந்தால் ஓரத்து மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை யோசித்தால் என் குறுகுறுப்பு இன்னும் கூர்மையாகிறது. விரிந்திருக்கும்வரை அவர் சட்டத்துக்குள் இருக்கிறார், உருச்சிதைந்து. சுருங்கத் தொடங்கியதும் வெளியே தள்ளப்படுகிறார். நடுவில் நிற்பவருக்கோ இரண்டு நிலையிலும் ஒரு குறைவும் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஓரத்தில் முகம் விழாமல் பார்த்துக்கொள் என்பது ஒளிப்பதிவாளர் தம் உதவியாளருக்குச் சொல்லும் பாலபாடம். அங்கே ஒரு திரைச்சீலையோ பூந்தொட்டியோ வைக்கப்படும், கூட்டத்தில் நிற்பவர், “அண்ணே, ரெண்டடி உள்ள வாங்க” என்று நகர்த்தப்படுவார். கேமரா ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு பலிக்காது. அகலக்கோணத்தில் அது திரும்பும்போது, ஓரத்தில் அகன்று நுழையும் முகம் நடுவை அடையும்போது சீராகி, மறு ஓரத்தில் மறுபடி அகன்று மறைகிறது. கைபேசிக் கேமராக்களுக்கென்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள்: படத்தில் முகங்கள் எங்கே உள்ளன என்று கணினி கண்டுகொண்டு, அவற்றைமட்டும் உருண்டையாக்கி, பின்னாலுள்ள சுவர்களை நேராகவே விட்டுவைக்கும். ராஃபேலின் ஓரவஞ்சனையைக் கணக்காக எழுதிவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். ஆனால் முகம் என்று கண்டுகொள்ளப்பட்டதற்கே இந்தச் சலுகை என்பது உறைத்ததும் மகிழ்ச்சி சற்று வடிந்தது.

இத்தனைக்கும் பிறகு, அந்த ஓரத்து மனிதர் சரியாகத் தெரிகிற இடம் ஒன்று ஒவ்வொரு கொட்டகையிலும் இருக்கிறது. லென்ஸ் எந்தக் கோணத்தில் உலகத்தை உள்வாங்கியதோ அதே கோணத்தில் திரை நம் கண்ணுக்குத் தெரியும்படி நடுவில் உட்கார்ந்தால், ஓரங்களை நாமும் சாய்வாகவே பார்ப்பதால் இழுபாடு சுருங்கி முகம் முகமாகிவிடும். கணக்கு எளியது. நாற்பதடி அகலமுள்ள திரையில் 15 மில்லிமீட்டரில் எடுத்த காட்சிக்கு அந்த இடம் திரையிலிருந்து ஏறக்குறைய 24 அடி. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்த தரை டிக்கெட்டுக்காரர்கள் ஏறக்குறைய அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் அண்ணாந்து பார்த்ததால் கணக்கு முழுவதும் பொருந்தாது என்று ஆட்சேபிப்பவர்களுக்கு நான் எதிர்வாதம் செய்யமாட்டேன். 40 மில்லிமீட்டர் காட்சிக்கு அந்த இடம் 64 அடிக்குப் போய்விடுகிறது. அது பெஞ்சைத் தாண்டி நாற்காலி வகுப்பு. ஆகவே ஷாட்டின் நடுவே ஜூம் நகரும்போது, சரியான ஆசனம் தரையிலிருந்து எழுந்து, பெஞ்சுகளுக்கு இடையே புகுந்து, பின்வரிசைக்கு நடந்துபோகிறது. பார்க்கிற நாம்தாம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறோம். அகன்ற காட்சிகள் நிறைந்த படம் என்று தெரிந்தால் இப்போதெல்லாம் நான் முன்வரிசை கேட்கிறேன். கவுண்டரில் இருக்கும் பையன், “பின்னாடி நெறைய சீட் காலியா இருக்கு சார், கழுத்து வலிக்கும்” என்கிறான். வலிக்கத்தான் செய்கிறது. ஓரத்தில் நிற்பவர்களுடைய முகங்கள் அங்கிருந்து பார்க்க ஏறக்குறையச் சரியாகவே இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் வளையத்தை 40-க்குத் திருப்பிவிட்டால்தான் சிரமம், அதற்குள் எழுந்து பின்னால் போக நேரம் இருப்பதில்லை.